பழைய கணிப்பொறியில் பெரிய வன்தட்டு

பெங்களூர் நகரின் பழைய பேட்டைப் பகுதியில் சதர் பத்ரப்பா சாலை என்னும் குறுகிய வீதி ஒன்று உண்டு. எஸ். பி. ரோடு என்றால்தான் பெரும்பாலோருக்கு விளங்கும். கணிப்பொறியின் உறுப்புகள், புதியனவும் பழையனவுமாக, இங்கே நெருங்கி அமைந்த சிறு கடைகளில் விற்பனையாகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த மேசைக் கணிப்பொறியை எறிந்துவிட மனமில்லாதவர்கள் இவ்வீதியை நாடி வருகின்றனர். அவர்கள் கேட்கும் பொருள்களுள் ஒன்று, இருப்பதைவிடப் பெரிய வன்தட்டு. கடையில் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று கேட்டால் போதும்.

பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் இத்தகைய இயந்திரங்கள் இன்னும் பல உள்ளன. மாணவர் மதிப்பெண், நாள்தோறும் குறித்த மழையளவு, மண் பரிசோதனை முடிவுகள், களத்தில் எடுத்த நிழற்படங்கள் முதலியன அவற்றின் தட்டில் சேர்ந்து, இடம் போதாமற் போகிறது. பல இடங்களில் இவற்றிற்கு வேறு பிரதி இராது. ஆகவே தட்டை மாற்றுவதை நான்கு திருகாணிகளைக் கழற்றி மாட்டும் வேலையாக மட்டும் கருதலாகாது.

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதிப் படிக்கும் முனை தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மீது, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனித ரோமம் ஒன்றின் தடிப்பு இதைப்போல் பல ஆயிரம் மடங்காகும். ஓடும்போது ஏற்படும் அதிர்ச்சி தட்டைக் கெடுப்பதற்கு இதுவே காரணம். முனையைத் தாங்குவது காற்றாகையால், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரையில்தான் சாதாரணத் தட்டுகளை இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரையறுத்துள்ளனர். சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு இதனால் இடர் இல்லை. 3,500 மீட்டரில் உள்ள லே நகரில் பணிபுரியும் ஊழியர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

புதிய தட்டு வாங்குமுன் பெட்டியைத் திறந்து, பழைய தட்டு எவ்வகைக் கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளது என்று பார்த்தல் நலம். நாற்பது துளைகள் கொண்ட பட்டையான கம்பியாயின் அது ‘ஐ.டி.ஈ.’ என்னும் பழைய முறை. ஏழு தொடர்புகளை உடைய மெல்லிய கம்பியாயின் ‘சாட்டா’ முறை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இடையே மாற்றுக் கருவி வைத்து இணைக்கலாம். எனினும் மின்சாரம் தரும் மலிவான இணைப்பான்கள் சூடேறிக் கருகுவதுண்டு என்பதால் அவற்றில் சிக்கனம் பார்ப்பது தகாது. பழைய தட்டொன்றை வாங்க நேர்ந்தால், அது எத்தனை மணி நேரம் ஓடியது, பழுதான பகுதிகள் எத்தனை என்பதைத் தட்டே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பிலிருந்து கடையிலேயே படித்துக் காட்டச் சொல்லலாம்.

இனி, பலரும் அறியாத அபாயம் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். தட்டின் பரப்பு முழுவதும் 512 பைட் கொண்ட சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்படுகிறது. 2002-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட இயந்திரங்கள் பலவற்றில் இவ்வெண்ணை எழுத 28 இரும இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றால் 26,84,35,456 கூறுகளை மட்டுமே எண்ண முடியும். இதனை 512-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 137 ஜி.பி. கிடைக்கும். அதற்கு மேற்பட்ட இடம் அவ்வியந்திரத்திற்கு இல்லாததே ஆகும்.

இடம் வீணாவதோடு நின்றால் பெரிய நஷ்டமில்லை. சில இயந்திரங்களில் 500 ஜி.பி. தட்டு முழு அளவுடன் ஏற்கப்பட்டதாகவே தோன்றும். மாதக்கணக்கில் குறைவின்றி ஓடும். சேர்ந்த விஷயம் 137 ஜி.பி. எல்லையைக் கடக்கும் நாளில்தான் கேடு விளையும். மூன்று இலக்கம் மட்டும் எழுத இடமுள்ள பதிவேட்டில் 999-க்கு அடுத்த மரத்தின் எண் 000 என்று பதிவாவதுபோல, எல்லைக்கு அப்பால் எழுதவேண்டியது தட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டுவிடும். தட்டின் பொருளடக்கம் இருப்பது அங்கேயே. அது அழிந்ததும் மற்றக் கோப்புகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறைந்தாற்போல் ஆகும். குற்றம் புதிய தட்டினுடையது என்று எண்ணி வேறொன்று வாங்கினாலும் அதே கதைதான்.

இதனைத் தவிர்க்க, இயந்திரம் துவங்கும்போது தோன்றும் ‘பயாஸ்’ திரையில் தட்டின் அளவைப் பார்க்கவேண்டும். 137 அல்லது 128 என்று காட்டினால் எல்லை உண்டு என்பது தெளிவு. இவ்விரண்டும் ஒரே அளவுதான்: தயாரிப்பாளர் நூறு கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார், கணிப்பொறி 1,07,37,41,824 பைட்டைக் கொள்கிறது. 500 ஜி.பி. தட்டு 465 என்று காட்டுவதும் இதனாலேயே. கடைக்காரர் ஏமாற்றியதாகச் சண்டையிட வேண்டியதில்லை. திரை சரியாகக் காட்டினாலும் இயக்கு தளத்தையும் நோக்குதல் அவசியம். விண்டோஸ் எக்ஸ்பி 2002-இல் வெளியான முதல் திருத்தத் தொகுதிக்குப் பிறகே 48 இலக்க முறையைக் கையாள்கிறது. பயாஸைப் புதுப்பித்தோ, தனிக் கட்டுப்பாட்டு அட்டை பொருத்தியோ, 120 ஜி.பி.க்கு உட்பட்ட தட்டோடு நிறுத்திக்கொண்டோ காரியத்தை முடிக்கலாம். சற்றுப் பிற்பட்ட இயந்திரங்களில் ‘எம்.பி.ஆர்.’ என்னும் பகுப்பு முறை காரணமாக 2.2 டி.பி.யில் இன்னோர் எல்லை உள்ளது.

பிரதி எடுக்கும் வேலையைத் தொடங்குமுன் முக்கியமான கோப்புகளைத் தனியாக வேறொரு சாதனத்தில் சேமித்துவிடுதல் வேண்டும். பின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையால் தொட்டபின் உறுப்புகளைத் தொடலாம். பெங்களூரின் வறண்ட பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் உடலில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கப் போதுமானது. இரு தட்டுகளையும் இணைத்து ‘குளோன்சில்லா’ போன்ற இலவச மென்பொருளால் அப்படியே பிரதி எடுக்கலாம். எது மூலம், எது பிரதி என்பதைத் தட்டின் வரிசை எண்ணைக் கொண்டு இருமுறை சரிபார்க்கவேண்டும். திசை மாறினால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும், பிறகு மீட்பில்லை. பழைய தட்டு ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பினால் அதனை மேலும் ஓட்டிப் பார்க்காமல் நிறுத்திவிட்டு, மீட்பில் தேர்ச்சியுள்ளவரிடம் கொடுப்பதே முறை.

பிரதி முடிந்தபின் பழைய தட்டைக் கழற்றிவிட்டே இயந்திரத்தை முதன்முறை துவக்கவேண்டும். இரண்டும் ஒரே அடையாள எண் கொண்டிருப்பதால் சேர்ந்திருப்பின் குழப்பம் நேரும். புதிய தட்டிலும் பழைய அளவே தோன்றுவது கண்டு திகைக்க வேண்டாம். மீதியிடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது, பகுப்பை விரித்தால் வந்துசேரும்.

இத்தனைக்குப் பின்னும் இயந்திரத்தின் வேகம் கூடியிருக்காது. வேகமே தேவையாயின் சுழலும் தகடற்ற ‘எஸ்.எஸ்.டி.’ தக்கது. மேலும், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பைப் பழைய இயந்திரங்கள் பல ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் நிறுவலாம், அல்லது இணையத் தொடர்பின்றி உபயோகிக்கலாம்.

கழற்றிய தட்டை ஓரிரு மாதம் பத்திரப்படுத்தி, புதியதில் ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று உறுதியானபின் அதன் பரப்பு முழுவதையும் சுழியத்தால் நிரப்பவேண்டும். சாதாரண அழித்தலோ விரைவு ‘ஃபார்மட்’ செய்வதோ பொருளடக்கத்தை மட்டுமே நீக்கும். மாணவர் விவரங்கள் உள்ளேயே இருக்கும். அதன்பின் தட்டைப் பழைய இரும்புக் கடையில் போடாமல், 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்துள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கலாம்.