நாத்தனார்கள் முடித்துவைத்த போர்

நம்பிக்கை: நெதர்லாந்தின் ஆளுநராக இருந்த ஆஸ்திரியாவின் மார்கரெட் (1480–1530) துக்கத்திலேயே வாழ்ந்து மறைந்த அபலை.

இப்படிப் பேர் வந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. மூன்று வயதில் பிரெஞ்சு இளவரசர் சார்லஸுக்கு நிச்சயம் செய்து, அங்கேயே வளரவிட்டார்கள். 1491-இல் அவர் வேறொருத்தியை மணந்துகொண்டார். அடுத்து ஸ்பெயினின் பட்டத்து இளவரசர் ஹுவான். கல்யாணமாகி ஆறே மாதத்தில் இறந்துபோனார். மூன்றாவதாக வந்த சவாய் கோமகன் பிலிபெர்ட்டும் 1504-இல் காலமானார். அப்போது மார்கரெட்டுக்கு வயது 24. ஓவியங்களில் அவரை வெள்ளை முக்காட்டோடு பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள்.

ஆனால் அந்த முக்காடு அவருக்கு வசதியாகவே இருந்தது. கணவர் வழியில் வந்த சொத்தின் வருமானம் கையில். கேள்வி கேட்கப் புருஷன் இல்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி பெண் கேட்டபோது மறுத்துவிட்டார். 1507-இல் அண்ணன் மகன் சார்லஸ் சிறுவனாக இருந்ததால் ஆட்சி இவரிடம் வந்தது.

நம்பிக்கை: பெயருக்குத்தான் ஆளுநர்; ஆண்டதெல்லாம் ஆண்கள்.

1515-இல் சார்லஸுக்கு வயது வந்துவிட்டதென்று அறிவித்து, அவரைச் சுற்றியிருந்தவர்கள் அத்தையை ஒதுக்கியது உண்மை. மார்கரெட் கண்ணீர் விடவில்லை, கணக்கைக் காட்டினார்: நிர்வாகத்துக்குச் சொந்தப் பணத்தையும் செலவழித்ததை எழுதி வாசித்தார். நான்கு ஆண்டுகளில் அதே மருமகன் அவரை மீண்டும் ஆளுநராக்கினார்.

1529-ஐப் பார்த்தால் மிச்ச சந்தேகமும் போய்விடும். ஸ்பெயினுக்கும் மன்னராகிவிட்ட சார்லஸும், அவரோடு போரிட்டுவந்த பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸும் முந்தைய ஆண்டுதான் ஒருவரையொருவர் தனிச்சண்டைக்கு அழைத்திருந்தார்கள். சமாதானம் பேச எவர் முதலில் வாய் திறந்தாலும் கௌரவக் குறைச்சல். காம்ப்ரே நகரில் பேச உட்கார்ந்தது மார்கரெட்டும் பிரான்சிஸின் தாய் லூயிஸும். லூயிஸ், மறைந்த பிலிபெர்ட்டின் அக்கா; ஆக, இருவரும் நாத்தனார்கள். அடுத்தடுத்த மாளிகைகளில் தங்கி, இடையே நடைபாதை போட்டுக்கொண்டு பேசினார்கள். ஸ்பெயினில் பிணையாக இருந்த பிரான்சிஸின் இரு மகன்களுக்கு விலை 20 லட்சம் தங்க நாணயம்; இத்தாலிமீதான உரிமையை பிரான்ஸ் கைவிட்டது, பர்கண்டியைக் கேட்டு சார்லஸ் வற்புறுத்தவில்லை. பரம்பரைச் சொத்தான பர்கண்டியை விட்டுக்கொடுக்க மார்கரெட்டுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! வரலாறு இதைச் 'சீமாட்டிகளின் சமாதானம்' என்கிறது.

நம்பிக்கை: காலணியில் கிடந்த கண்ணாடிச் சில்லு அவரைக் கொன்றது.

சுவையான கதை. 1530 டிசம்பரில் காலில் சதை அழுகி இறந்தார் என்பதுதான் நிச்சயம். அவர் இடத்துக்கு சார்லஸ் தேர்ந்தெடுத்தது, விதவையாகியிருந்த தன் தங்கை மேரியை. அவர் 1555 வரை ஆண்டார்.