கையில் சுழலாத தூண்டில்

திருகோணமலைத் துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் பார்த்து வளரும் நமக்குத் தூண்டில் புதிதல்ல. ஆனால் ரீல் பூட்டிய தூண்டில் தடியின் பிடி எப்படி நிற்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? எங்கள் வாப்பாவின் தடியில் ரீலைத் தாங்கும் இருக்கை கழன்று சுழலத் தொடங்கியது. இருக்கை சுழன்றால் ரீலும் சுழலும். பாரை மீன் இழுக்கிற நேரத்தில் நரம்பு வளையத்தில் உரசி அறுந்துவிடும். புதுத் தடி வாங்க வசதியில்லை. உண்மையில் பழுதானது பசை மட்டுமே. தடிகள் திருத்தும் மாமாவிடம் கற்று, நானே அதைச் சரிசெய்தேன். அந்தப் பாடத்தை இங்கே தருகிறேன்.

முதலில் தக்கையை அறிவோம். போர்த்துக்கல் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை வெட்டாமல், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். றொபர்ட் ஹூக் நுணுக்குக்காட்டியில் பார்த்து, 1665இல் வெளியிட்ட நூலில் கலங்கள் என்று விவரித்தது இந்தத் தக்கையில் கண்டவற்றைத்தான். மூடிய அக்கலங்களுக்குள் காற்று இருப்பதால் தக்கை பாரமற்றது. நீரை எளிதில் உறிஞ்சாது. ஈரக் கையிலும் வழுக்காது.

அடுத்தது அளவு. தடி அடிப்பக்கம் தடித்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் இருக்கும். வளையங்கள் கட்டிய பழைய தடியில் இருக்கையை அடிப்பக்கத்தால்தான் ஏற்ற முடியும். ஆகவே அதன் துளை தடித்த அடியைத் தாண்ட வேண்டும். மெலிந்த இடத்தில் இடைவெளி விழும். வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன்: தடி 13 மில்லிமீற்றர், துளை 16. சுற்றிவர 1.5 மில்லிமீற்றர் வெறுமை.

அந்த வெறுமையைப் பசையால் மட்டும் நிரப்பினால் இருக்கை ஒருபக்கம் சாயும். எனவே மாஸ்கிங் டேப்பை மூன்று இடங்களில் வளையமாகச் சுற்றி, இடையிடையே வெளி விட வேண்டும். டேப் நடுவில் நிறுத்தும், தாங்குவது பசை. ஓரத்து டேப்பும் விளிம்பிலிருந்து சற்று உள்ளே இருக்கட்டும். விளிம்பைப் பசை மூடாவிட்டால் உப்புநீர் புகும்.

இருக்கையின் பின்முனை தக்கைக்குள் சிறிது புதைய வேண்டும். இருக்கையை விடச் சற்று மெலிந்த கம்பில் சாண்ட்பேப்பர் சுற்றி, தக்கையின் வாயை மெதுவாக அகலமாக்குங்கள். அடிக்கடி பொருத்திப் பாருங்கள். தக்கைச் சுவர் மெலிந்துவிட்டால் வெடிக்கும்.

பிறகு தடியின் பளபளப்பை மட்டும் இலேசாக உரசித் துடைக்க வேண்டும். ஆழமாக உரசினால் தடியின் நார் அறுபடும். எப்பொக்சியின் இரு பகுதிகளையும் உறையில் சொன்ன அளவில் எடுத்து, நன்றாகக் கலக்குங்கள். கையுறை அவசியம், யன்னல் திறந்திருக்கட்டும், சிறு பிள்ளைகள் அருகில் வேண்டாம். நமது வெயிலில் பசை விரைவில் இறுகும் என்பதால், எல்லாவற்றையும் எடுத்து வைத்த பின்பே கலக்க வேண்டும்.

இருக்கையைத் திருப்பித் திருப்பி ஏற்றினால் பசை எங்கும் பரவும். அதன்பின் தக்கையை ஏற்றி, வழிந்ததைத் துடைத்து, ரீலைப் பூட்டி, அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் பாருங்கள். ரீலின் காலும் வளையங்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பசை இறுகிய பின் திருத்த வழியில்லை. “மகள், பசைக்கு அவசரம் காட்டாத” என்பார் மாமா. ஒரு முழு நாள் தடியைத் தொடக்கூடாது.

இப்போது வாப்பா அந்தத் தடியோடுதான் மாலையில் இறங்குதுறைக்குப் போகிறார். இருக்கை அசையவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்: அரத்தையும் இடுக்கிமானியையும் ஆண்பிள்ளைகளிடம் மட்டும் கொடுக்காதீர்கள். விட்டமும் கலமும் எங்களுக்குப் பரீட்சைத் தாளில் தெரியும். அவற்றைக் கையாலும் அறிய இடம் தாருங்கள்.