திடலுக்கு வெளியேயும் ஒழுக்கம்

நடுவரின் ஊதலுக்கு அடங்குவது மட்டுமே விளையாட்டு ஒழுக்கமன்று. திடலுக்கு வெளியேயும் ஆட்டக்காரருக்குக் கடமைகள் உண்டு.

ரியோ ஃபெர்டினன்ட், இங்கிலாந்து நாட்டின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரராக விளங்கியவர். அப்போது மான்செஸ்டர் யுனைடெட் குழுவில் ஆடிவந்தார். 2003 செப்டம்பர் 23ஆம் நாள், பயிற்சி முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைக்கப்பட்டார். அவரோ சோதனைக்கு உட்படாமலே சென்றுவிட்டார். மறந்துவிட்டதாகப் பின்னர்க் கூறினார். இரு நாள் கழித்து நடந்த சோதனையில் குற்றம் ஏதும் காணப்படவில்லை.

எனினும், தண்டனை நீங்கவில்லை. ஏன்? நாள் கடந்தால் சில மருந்துகளின் சுவடு உடலைவிட்டு மறைந்துவிடும். ஆதலால், உரிய வேளையில் செய்வதே சோதனை.

அவ்வாண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 8 மாதத் தடையும் 50,000 பவுன் அபராதமும் விதித்தது. 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அவர் ஆட இயலவில்லை. தவறு ஒருவருடையது, இழப்போ குழுவுக்கும் நாட்டுக்கும் உரியதாயிற்று.

தடை முடிந்து திரும்பிய அவரே, 2008இல் குழுத்தலைவராக நின்று ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றார்.

'மறந்துவிட்டேன்' என்பது காரணமாகலாம், கடமைக்கு ஈடாகாது. வீட்டுப்பாடத்திற்கும் இது பொருந்தும். தவறினால் தண்டனையை ஏற்று, மீண்டும் முயல்க! பெற்றோரும் இதனை இல்லத்தில் எடுத்துரைப்பாராக.