கணையத்தை அருகிருந்து காணும் கருவி

திருப்போரூர், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பகுதிகளிலிருந்து மேல்வயிற்று வலியுடன் வருவோர் பலர், “வாயுத் தொல்லைதான்” என்று மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்ட பின்னரே எம்மை அணுகுகின்றனர். கையில் ஒரு ஸ்கேன் அறிக்கை இருக்கும். “கணையம் சரியாகத் தெரியவில்லை” என்ற வரியும் அதில் இருக்கும். அவ்வரியைக் கணையம் நலமாக உள்ளது என்று கொள்ளலாகாது.

கணையம் இரைப்பையின் பின்புறம், முதுகெலும்புக்கு முன்னே அமைந்துள்ளது. வயிற்றின் மேலிருந்து செலுத்தும் ஒலியலைகளை இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று தடுத்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில், வாய்வழியே செலுத்தப்படும் குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி உள்ளது. இரைப்பைச் சுவரை ஒட்டி நின்று பார்ப்பதால், சில மில்லிமீட்டர் அளவுள்ள கல்லும் கட்டியும்கூடப் புலப்படும். ஐயத்திற்குரிய இடத்திலிருந்து அதே குழாய்வழியே ஊசி செலுத்தித் திசுவும் எடுக்கலாம். டென்மார்க்கின் பீட்டர் வில்மன் குழுவினர் 1992இல் இம்முறையை வெளியிட்டனர்.

தென்னிந்தியர் இதில் கூடுதல் கவனம் கொள்ளத் தனிக் காரணம் உண்டு. மது அருந்தாத இளவயதினர்க்கும் கணையத்தில் கற்கள் உண்டாகி, பின்னர் நீரிழிவு தோன்றும் ஒருவகை நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. கேரள மருத்துவர் கீவர்கீஸ் 1960களிலேயே இதனை விரிவாக ஆராய்ந்தார். இந்நோயுடையோர்க்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே “எங்கள் பிள்ளைக்குக் குடிப்பழக்கமே இல்லையே” என்று பெற்றோர் கூறுவது கணையத்தைச் சோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

கடும் கணைய அழற்சிக்குப் பின் சிலர்க்கு நீர்ப்பை உண்டாகும். பல தாமே வற்றிவிடும். எனவே அனைத்தையும் வடிக்க நாங்கள் முனைவதில்லை. வலி, காய்ச்சல், வாந்தி தொடர்ந்தால், பையின் சுவர் உறுதிப்பட ஏறத்தாழ நான்கு வாரம் காத்திருந்து, இரைப்பைக்கும் அதற்குமிடையே சிறுகுழாய் பொருத்துகிறோம். வயிற்றைக் கீறாமலேயே நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும். காத்திருக்கும் அந்நாட்கள் குடும்பத்தார்க்குக் கடினமானவை என்பதை அறிவோம்.

பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் வருக. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. மயக்கமருந்து தருவதால் அன்று இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது. பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் அது இரட்டிப்பு ஆபத்து. துணைக்கு ஒருவரை அழைத்து வருக. வீடு திரும்பிய பின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் இவற்றுள் எது தோன்றினும், நள்ளிரவாயினும், அவசரப் பிரிவிற்கு உடனே வந்துவிடுங்கள்.