ஏரி வாரியமும் எங்கள் தெருவும்

ஓர் ஊர் நெடுங்காலம் நிலைபெற்று வாழ்தற்கு இன்றியமையாதன யாவை என்னும் வினாவிற்குப் பொருளியலார் பலபட விடை கூறுவர். தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் அவ்வினாவை ஒரு கல்வெட்டிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டு உள. குடவோலை முறையைப் பற்றி நாம் இளம்பருவத்திற் படித்த செய்திகள் பெரும்பாலும் இவற்றினின்று வந்தனவே. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இம்முறையை வியந்து பேசுவோர் பலர். எடுக்கப்பெற்றவர் யாது செய்தனர் என்று வினவுவோர் சிலரே. அவருள் அறுவர் ஏரி வாரியத்தார். ஏரியைக் காப்பதே அவர் தொழில். பதவி 360 நாட்களுக்கு மட்டுமே. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயர் குடத்தில் இடப்படாது; அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் அவ்வாறே. மிகக் கடுமையான விதியன்றோ இது!

இத்துணைக் கடுமை ஏனெனின், ஏரி தானே நிலைத்திருப்பதொரு பொருளன்று. ஆண்டுதோறும் வரத்துக்கால் வழியே வண்டல் வந்து படிகின்றது. கரை மழையிற் கரைகின்றது, மதகு பழுதுறுகின்றது. மிகுநீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டாற் கரையே உடையும். அன்றியும், மேலேரியின் கலிங்கு நீர் கீழேரிக்கு வரத்தாகுமாதலின், ஓரூரின் சோம்பல் மற்றோரூரின் கேடாய் முடியும். ஏரியின் மண்ணைத் தோண்டிக் கரையில் இடுதற்கென்றே பொன்னும் நிலமும் வைத்த அறங்கள் சோழர் காலக் கல்வெட்டுக்களிற் பல.

ஈண்டு ஒன்று கூறாது செல்லல் தகாது. அச்சபை பிராமணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்தின் சபை; பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடைய ஆடவர்க்கே அதில் இடம் இருந்தது. கூடை சுமந்து கரைக்கு மண் கொட்டியவர் பெயர் எக்குடத்திலும் இடப்படவில்லை. ஆதலின் அதனைப் பொற்காலமென்று போற்ற என் மனம் ஒருப்படவில்லை. ஆயினும், 'இவ்வேரிக்குப் பொறுப்பாளர் யார்?' என்று ஒருவன் கேட்டால், அவ்வூரார் அறுவரைச் சுட்டிக் காட்டியிருப்பர் என்பதை மறுத்தற்கில்லை.

நிற்க. எங்கள் இல்லம் சென்னையின் தென்புறத்தில், முன்னொருகால் தாங்கலாயிருந்த நிலத்தின்மேல் நிற்கின்றது. நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குத் தாங்கல் என்பது தொண்டைநாட்டு வழக்கு. பழவந்தாங்கல் முதலிய பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை ஒன்றுண்டு; பார்ப்பதற்கு லேக் இல்லை. 1920களில் மாம்பலத்து ஏரியை வற்றச்செய்தே தியாகராய நகர் அமைக்கப்பெற்றது. அதனைச் செய்தவரைப் பழித்தலும் எளிதன்று. பெருகிவரும் மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. என் தந்தையாரும் வீடு வேண்டியே எங்கள் மனையை வாங்கினார். விலை குறைவாயிருந்ததன் காரணத்தை அவர் வினவவில்லை.

காரணம் 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிரவு எங்கள் வாயிலுக்கே வந்தது. இடுப்பளவு நீரில் அண்டை வீட்டார் என்னைத் தோளிலேற்றி மாடிக்குக் கொண்டு சென்றனர். நான்காண்டு கழிந்து, 2019ஆம் ஆண்டுக் கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து இரயில் ஒன்று 25 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றி வந்தது. என் அன்னையார் விடியற்காலை நான்கு மணிக்குக் குடங்களுடன் லாரிக்காகக் காத்து நின்றார். வெள்ளத்தில் மூழ்கிய தெருவும் நீரின்றி வாடிய தெருவும் ஒன்றே. மழை நீரைத் தாங்கிவைத்துக் கோடைக்குக் கொடுத்த தாங்கல் எங்கள் வீட்டின் அடியிற் கிடந்தது.

சென்ற விடுமுறையில், எங்கள் பகுதியில் எஞ்சியுள்ள குட்டையொன்றன் பொறுப்பாளர் யாரென அறிய விரும்பி, அலுவலகம் மூன்றிற்குச் சென்றேன். கரை தம்முடையது, கால்வாய் தம்முடையதன்று என்றனர் ஓரிடத்தார். கால்வாய் தம்முடையதே, ஆயினும் அதிற் கிடக்கும் குப்பை தம்முடையதன்று என்றனர் மற்றோரிடத்தார். மூன்றாமிடத்தில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதித் தந்தேன்.

வீடு திரும்புங்கால், எங்கள் தெருக்கோடியில் ஒரு கருங்கல் பாதி புதைந்து கிடப்பதை நோக்கினேன். நடுவே வட்டமாகத் துளையிட்ட கல். முதியவர் ஒருவரை வினவினேன். "அது மதகுக் கல், தம்பி, நாங்கள் அதன்மேலிருந்துதான் தூண்டில் போடுவோம்" என்றார். இப்பொழுது அதன்மேல் இஸ்திரிக்காரர் தம் கரிப்பெட்டியை வைத்திருக்கின்றார்.