கண்ணுக்குப் புலப்படாத தரம்

கைத்தறிச் சேலையையும் விசைத்தறிச் சேலையையும் அருகருகே வைத்தால், நெசவாளர் தொட்டுப் பார்த்தே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். வாங்குவோருக்கு அஃது இயலாது. அதற்காகவே 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரை ஏற்பட்டது. தக்காளியின் நிலை இதனினும் கடினமானது. மருந்தடித்த பழத்தையும் அடிக்காத பழத்தையும் விளைவித்தவரே கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே, இயற்கை வேளாண்மையில் இறங்க விரும்பும் அங்கத்தினர்கள் எருவையும் பூச்சியையும் பற்றி அறிவதற்கு முன், நம்பிக்கையை ஈட்டும் முறையை அறிதல் நலம்.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் குளிர்ச்சி காய்கறிகளுக்கு உகந்தது. பெங்களூர்ச் சந்தையோ கூப்பிடு தூரம். ஆயினும் இங்கு நிலங்கள் சிறியவை. ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மறு பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில். தனியொருவர் தம் நிலத்தை மட்டும் தூய்மையாக வைத்திருப்பது எளிதன்று.

சான்று பெற இரு வழிகள் உள்ளன. ஒன்று, வெளியார் வந்து ஆய்ந்து வழங்கும் சான்று. இதற்கெனத் தமிழ்நாட்டு அங்ககச் சான்றளிப்புத் துறை 2007 முதல் கோயம்புத்தூரில் இயங்குகிறது. கிருஷ்ணகிரி மாம்பழக்கூழை இயற்கை விளைபொருள் என்று அயல்நாட்டுக்கு அனுப்புவதாயின் இவ்வழியே வேண்டும். மற்றொன்று, பங்கேற்பு உத்தரவாத முறை. இஃது உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமே உரியது. அண்டையிலுள்ள ஐவரேனும் ஒரு குழுவாகி, உறுதிமொழி ஏற்று, ஒருவர் வயலை மற்றவர் ஆய்ந்து பதிவு செய்கின்றனர். செலவு மிகக் குறைவு. ஆனால் முழுப் பாரமும் அங்கத்தினரின் நேர்மைமேல் விழுகிறது.

ஒரு குழுவின் ஏடுகளை நாம் பார்வையிட்டபோது, ஐந்து ஆய்வுப் படிவங்களும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டிருக்கக் கண்டோம். தேநீர்க் கடையில் அமர்ந்து எழுதியவை அவை. “அண்ணன் தம்பிகளுக்குள் சந்தேகப்படலாமா, ஐயா?” என்று கேட்டனர். (முந்தைய முறை நாமும் ஏட்டை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களே.) பின்னர் எல்லோருமாக வயல்களுக்குச் சென்றோம். நான்கில் குறை ஒன்றுமில்லை. ஐந்தாவது வயல் பசுமைக் குடிலை ஒட்டியிருந்தது. அங்கு தெளிக்கும் மருந்து காற்றில் வந்து தக்காளியின் முதல் வரிசைகளில் படிவதை உரியவர் முன்னரே அறிந்திருந்தார். சொன்னால் மற்ற நால்வரின் சான்றுக்கும் கேடு வருமென அஞ்சி வாளாவிருந்தார். ஆய்வு மெய்யாக நடந்திருப்பின் அவர் ஓராண்டு இவ்வச்சத்துடன் இருந்திருக்க வேண்டியதில்லை. வரப்போரம் சோளத்தை நெருக்கமாக விதைத்து வேலியாக்குவது, ஓர வரிசைகளின் காயைத் தனியே பறித்துச் சாதாரணக் காயாக விற்பது என்று அன்றே முடிவாயிற்று.

பூச்சிக்கும் வழியுண்டு. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி நட்டால், காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி பெரிதும் அதனை நாடி முட்டையிடும். செண்டுமல்லி நாற்று 45 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதினதாக இருத்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே பூத்தாலன்றிப் பயனில்லை. பெங்களூரைச் சார்ந்த ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த முறை இது.

கடினமானது மாறுதற் காலமே. காய்கறிகளுக்கு இரண்டாண்டும், மா போன்ற நெடுங்காலப் பயிருக்கு மூன்றாண்டும் காத்திருக்க வேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையக்கூடும், விலையோ உயராது. முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றிக் கடன்பட்டோரைக் கண்டிருக்கிறோம். கால் பங்கில் தொடங்குவதே தக்கது.

குழுவின் பதிவேட்டில் விதை, எரு, அறுவடை ஆகியவற்றுக்குப் பத்திகள் இருக்கும். அண்டை வயலில் எந்நாளில் எம்மருந்து தெளித்தனர், காற்று எப்பக்கம் வீசியது என்பவற்றுக்கும் ஒரு பத்தி கோடிட்டுக்கொள்க.