இரண்டு இருந்தால் போதுமா?

சென்ற மார்கழியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு வீணாயிற்று. அதற்குக் காரணம் நான். அதை மறைக்காமல் சொல்லி, அதனால் கற்ற பாடத்தையும் மன்றத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மன்றத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர், நான் அக்கா என்று அழைப்பவர், திரவ ஹீலியத்தில் குளிர்வித்த ஓர் உலோகக் கலவையின் மின்தடையை அளந்து வந்தார். ஹீலியம் கொதிப்பது சுழிக்குக் கீழே 269 பாகை செல்சியசில். விலை மிகுந்த பொருள். ஆவியாகிவிட்டால் வேலை அத்துடன் முடிந்தது. அளவைகள் யாவும் வலையமைப்பின் வழியே அடுத்த அறையிலுள்ள சேமிப்புக் கணிப்பொறிக்குச் செல்லும். அவ்வழியை அமைத்தவன் நான். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று கோக்கும் ஸ்விட்ச் என்னும் பெட்டியில் ஒன்று பழுதானால் மற்றொன்று உழைக்கட்டும் என்று இரண்டு வைத்து, இரண்டு கம்பிகளும் இழுத்திருந்தேன். "கவலை வேண்டாம் அக்கா, எல்லாம் இரண்டிரண்டு இருக்கின்றன" என்று பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு இரண்டும் ஒருங்கே நின்றன. இரண்டு ஸ்விட்சுகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகியிருந்தேன். அப்பெட்டியின் பியூஸ் போயிற்று. எழுத இடமின்றி அளக்கும் நிரலும் நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தபோது ஹீலியம் ஆவியாகியிருந்தது. "இரண்டு இருக்கிறது என்றாயே, தம்பி" என்றார் அக்கா. வேறொன்றும் சொல்லவில்லை.

நான் செய்த பிழை யாது? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஸ்விட்ச் நூற்றுக்கு 99 பங்கு நேரம் ஒழுங்காக வேலை செய்வதாகக் கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 87.6 மணி, அது செயலற்றிருக்கும். இரண்டு ஸ்விட்சுகள் இருந்து, ஒன்றன் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே இல்லையென்றால், இரண்டும் ஒரே வேளையில் நிற்பது பதினாயிரத்தில் ஒரு பங்கு; ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம். ஆனால் நூற்றுக்கு 99 பங்கே நம்பத்தக்க ஒரு பெட்டியில் இரண்டையும் சொருகினால், செயலற்ற நேரம் மறுபடியும் 88 மணிக்கு மேல் ஏறிவிடுகிறது. இரண்டாவது ஸ்விட்சுக்குக் கொடுத்த பணம் வீண். 'தொடர்பே இல்லையென்றால்' என்ற அச்சிறு நிபந்தனையில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இது சிறிய ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் கடலடிக் கேபிள்கள் இரண்டு பழுதுபட்டன. ஒன்று, நம் சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வி 4; மற்றது ஃப்ளாக். உடைமையாளர் வேறு வேறு, கடற்பகுதி ஒன்றே. இந்தியாவெங்கும் இணையம் தளர்ந்தது. கிழக்குத் திசையாகச் சுற்றிச் செல்ல வழி வைத்திருந்தோர் சமாளித்துக்கொண்டனர்.

நிற்க. மாற்று இருந்தால் மட்டும் போதாது. முதலாவது நின்றுவிட்டதை அந்த மாற்று அறியவும் வேண்டும். வலையமைப்பின் வெளிவாயிலாகிய ரூட்டர்களுக்கு 1998இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. என்னும் விதிமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு ரூட்டர்களுக்கும் பொதுவாக ஒரு முகவரி உண்டு. தலைமை ரூட்டர் வழக்கமாக வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும். தொடர்ந்து மூன்று செய்திகள் வாராவிடில், துணை ரூட்டர் இன்னும் ஒரு வினாடிக்கும் குறைவாகப் பொறுத்துப் பார்த்து, அம்முகவரியைத் தான் ஏற்கும். நான்கு வினாடிக்குள் வேலை கைமாறிவிடும். ஒரு செய்தி தவறியதுமே மாறினால் என்ன என்று கேட்கலாம். நெரிசலில் ஒன்றிரண்டு தவறுவது இயல்பு; அதற்கெல்லாம் பதறினால் தலைமை ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கும்.

இருவரும் நலமாயிருக்க, இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தால்? ஒவ்வொருவரும் மற்றவர் இறந்தார் எனக் கருதித் தலைமை ஏற்பர். சேமிப்புக் கணிப்பொறிகளில் இது நேர்ந்தால், இரண்டும் தனித்தனியே எழுதித் தரவையே கெடுத்துவிடும். ஆகவே மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து, மூவரில் இருவர் உடன்பட்டாலன்றித் தலைமை இல்லை என்று விதிப்பர்.

இப்போது எங்கள் ஸ்விட்சுகளுக்குத் தனித்தனி மின்வழிகள், ஒன்று யு.பி.எஸ். வழியாக வருவது. பங்குனியில் அக்கா மீண்டும் அளக்கத் தொடங்குமுன், அவர் எதிரிலேயே ஒரு ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கினேன். தொடர்பு அறுந்தது! மற்றக் கம்பியின் முனை எப்போதோ கழன்றிருந்தது; முதற்கம்பி உழைத்துக்கொண்டிருந்ததால் எவருக்கும் அது தெரியவில்லை. சரிசெய்து, மறுபடி இரண்டையும் மாறிமாறிப் பிடுங்கிப் பார்த்தபின்பே ஹீலியம் ஊற்றினோம். அன்று நான் 'கவலை வேண்டாம்' என்று சொல்லவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

அன்பர்களே, உங்கள் துறையில் 'இரண்டு இருக்கிறது' என்று எவரேனும் சொன்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், இரண்டும் எங்கே ஒன்று சேர்கின்றன என்று பாருங்கள். பிறகு, வேலையில்லாத ஒரு பகற்பொழுதில், ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்.